வளைக்குள் பழகிய குணம்

ஜாக் ரஸ்ஸல் டெரியரிடம் ஒரு துணிப் பொம்மையைக் கொடுத்தால், கழுத்துப் பக்கமாகக் கவ்வித் தலையை இடமும் வலமுமாக உதறும். பஞ்சு வெளியே வரும்வரை விடாது. எலியை நொடியில் கொல்லும் அதே உதறல்தான் அது. சின்ன டெரியர்களைப் புரிந்துகொள்ள, அவற்றின் பழைய வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்துப் பாதிரியார் ஜான் ரஸ்ஸல். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த காலத்தில், பால்காரர் ஒருவரிடமிருந்து டிரம்ப் என்ற பெட்டை டெரியரை வாங்கினார். அதன் வழியாகவே ஜாக் ரஸ்ஸல் இனம் வந்தது என்பார்கள். நரி வளைக்குள் புகுந்துவிட்டால் பெரிய வேட்டை நாய்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். டெரியர் உள்ளே போகும். நரியைக் கொல்வது அதன் வேலையல்ல. விடாமல் குரைத்து அதை வெளியே கிளப்ப வேண்டும். நரி அசையாவிட்டால், எங்கே தோண்டுவது என்று மேலே நிற்பவர்களுக்கு அந்தக் குரைப்புதான் காட்டிக்கொடுக்கும். மார்பு அகலமானால் வளையில் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் இன்றும் கண்காட்சிகளில் நடுவர்கள் முன்னங்கால்களுக்குப் பின்னால் இரு கைகளையும் கொடுத்து, விரல்கள் சுற்றி வருகின்றனவா என்று பார்க்கிறார்கள்.

வளையின் இருட்டில் எஜமானின் குரல் எட்டாது. முன்னேறுவதா, பின்வாங்குவதா என்பதை நாய் தானே முடிவு செய்ய வேண்டும். அப்படி முடிவெடுக்கத் தெரிந்த நாய்களையே தலைமுறை தலைமுறையாக இனவிருத்திக்கு வைத்துக்கொண்டார்கள். 'சொன்ன பேச்சு கேட்பதில்லை' என்று நாம் அலுத்துக்கொள்வது இந்தத் திறமையைப் பார்த்துத்தான். குரைப்பதும் தோண்டுவதும் அப்படியே.

மடியில் உட்காரும் யார்க்‌ஷயர் டெரியரும் விலக்கல்ல. எடை மூன்று கிலோவைச் சுற்றித்தான். ஆனால் அதன் முன்னோர் யார்க்‌ஷயர் நெசவாலைகளில் எலி பிடித்தவை. ஸ்காட்லாந்தின் கெய்ர்ன் டெரியர் பாறைக் குவியல்களுக்குள் நரியையும் நீர்நாயையும் தேடியது.

உருவம் சிறியது என்பதால் நேரும் அநியாயம் ஒன்று உண்டு. பெரிய நாய் உறுமினால் ஒதுங்குகிறோம். சின்ன நாய் உறுமினால் சிரித்துக்கொண்டே தூக்குகிறோம். எச்சரிக்கை பலிக்காதபோது அது கடிக்கிறது. பழி நாயின் மேல் விழுகிறது.

அதட்டல் இந்த நாய்களிடம் எடுபடாது. வேலை கொடுப்பதே வழி. தோட்டத்து மூலையில் மணல் கொட்டி, அதில் தீனியைப் புதைத்துத் தோண்டவிடுங்கள். பயிற்சி ஐந்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். அணில் ஓடும் பூங்காவில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். எவ்வளவு பழகிய டெரியரும் அந்த நேரத்தில் உங்கள் அழைப்பைக் காதில் வாங்காது. வீட்டில் முயலோ வெள்ளெலியோ இருந்தால், எத்தனை வருடப் பழக்கமானாலும் அதையும் டெரியரையும் தனியே ஓர் அறையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.