ஆடாதார் தீர்ப்பு

நூல் ஒன்றைப் படிக்காமலே பழிப்பவரை அறிவுடையோர் மதிப்பதில்லை. பாட்டு ஒன்றைக் கேளாமலே புகழ்பவரையும் அவர்கள் நம்புவதில்லை. தமிழ் மரபில் நூல்களுக்கு அரங்கேற்றம் என்னும் முறை அமைந்திருந்தது இது கருதியே எனலாம். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசானுக்கு ஐயமறத் தெரிவித்த பின்னரே தொல்காப்பியம் அரங்கேறியது என்பதை அந்நூலின் சிறப்புப் பாயிரத்தால் அறிகின்றோம். முதலில் கேட்டல், அடுத்து வினவல், இறுதியில் தீர்ப்பு என்பதே அம்முறை. இவ்வரிசை மாறினால் எஞ்சுவது திறனாய்வு அன்று. வெறும் விருப்பு வெறுப்பே.

இந்நெறி இலக்கியத்திற்கு மட்டும் உரியதா? நம் மாணவர்கள் நாள்தோறும் பல மணிநேரம் ஈடுபடும் ஒரு துறையைப் பற்றி நாம் தீர்ப்பு வழங்கிக்கொண்டே இருக்கின்றோம். அதுவே வீடியோ விளையாட்டு. ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் அதன் பெயர் எழுந்தால் நம் முகம் சுளிக்கின்றது. அத்தீர்ப்பை வழங்கும் நம்முள் எத்தனை பேர் அவ்வாட்டங்களுள் ஒன்றையேனும் தொடக்கம் முதல் இறுதிவரை ஆடிப் பார்த்திருக்கின்றோம்? ஆடாதார்க்குத் தீர்ப்பு வழங்கும் உரிமை உண்டா? இவ்வினாவைச் சற்று ஆராய்வோம்.

விளையாட்டும் தமிழ் மரபும்

விளையாட்டு என்பது திறனாய்வுக்குத் தகுதியற்ற சிறுபொருள் என்று சிலர் கருதலாம். நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை. எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறவந்த தொல்காப்பியர், உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைத்தார். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிற்றில் சிதைத்தலையும் சிறுபறை முழக்கலையும் சிறுதேர் உருட்டலையும் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்களாக்கினர். அம்மானையையும் ஊசலையும் பெண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்களாக்கினர். தெய்வத்தைப் பாடும்போதும் அதனை ஆடும் குழந்தையாகவே கண்ட மரபு நம்முடையது. மணலில் கட்டிய சிற்றில் பாடுபொருளாகலாம் என்றால், திரையில் கட்டிய சிற்றில் ஆராய்ச்சிப் பொருளாகலாகாதா?

ஓர் ஆட்டமும் அதன் திறனாய்வாளரும்

இவ்வினாவுக்கு விடை காண, உலகெங்கும் திறனாய்வாளர்களால் பெரிதும் போற்றப்பெற்ற ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். சப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ, 1996ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் 'சூப்பர் மாரியோ 64' என்னும் ஆட்டத்தைத் தன் நாட்டில் வெளியிட்டது. அதனை வடிவமைத்த குழுவின் தலைவர் ஷிகெரு மியாமோட்டோ. 1985இல் வெளிவந்த முதல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில், மீசை வைத்த மாரியோ இடமிருந்து வலமாக ஓடித் தடைகளைத் தாண்டுவான். அவ்வுலகம் தாளில் வரைந்த படம் போன்று தட்டையானது. 1996இன் ஆட்டத்திலோ அவ்வுலகத்திற்கு ஆழம் வந்துவிட்டது. மாரியோ எத்திசையிலும் செல்லலாம், கோட்டையைச் சுற்றி வரலாம், மரத்தின்மீது ஏறலாம், அகழி நீரில் நீந்தலாம். மொத்தம் 120 விண்மீன்கள் அவ்வுலகில் ஆங்காங்கே வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 70 பெற்றவனுக்கு இறுதிப் போர்க்களத்தின் வழி திறக்கும்.

அக்காலத் திறனாய்வாளர் இதனை எவ்வாறு வரவேற்றனர்? சப்பானின் 'ஃபாமிட்சு' இதழில் நால்வர் தனித்தனியே பத்துக்கு மதிப்பெண் வழங்குவது வழக்கம். அந்நால்வரும் சேர்ந்து நாற்பதுக்கு 39 வழங்கினர். இங்கிலாந்தின் 'எட்ஜ்' இதழ் தன் வரலாற்றில் முதன்முறையாகப் பத்துக்குப் பத்து வழங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாயின.

எனினும் மதிப்பெண் எதையும் விளக்குவதில்லை. அவர்கள் எதைக் கண்டு போற்றினர் என்பதே நமக்கு வேண்டுவது. கையிலுள்ள சிறு கோலை மெல்லச் சாய்த்தால் மாரியோ அடிமேல் அடி வைத்து நடப்பான்; மேலும் சாய்த்தால் நடையில் விரைவு கூடும்; முழுதும் சாய்த்தால் ஓடுவான். இது வெறும் பொறிநுட்பம் அன்று. ஓரிடத்தில் கடிக்கும் செடியொன்று உறங்கிக்கொண்டிருக்கின்றது. ஓடிச் சென்றால் அது விழித்துக்கொள்ளும். ஓசையின்றி நெருங்கினால் உறங்கும். இங்கே விரலின் மென்மை பாத்திரத்தின் எச்சரிக்கையாகிவிடுகின்றது. இதனைக் கண்ணால் மட்டும் பார்த்தவர் உணர இயலாது. கையால் ஆடியவரே உணர்வர்.

இன்னுமொன்று ஆசிரியர்களாகிய நாம் கருதத்தக்கது. ஆட்டம் தொடங்கும் இடம் கோட்டையின் வெளியே உள்ள ஒரு பூங்கா. அங்கே பகைவர் இல்லை. தோல்வி என்னும் அச்சம் இல்லை. புல்வெளி, மரங்கள், நீர்நிலை ஆகியவையே உள்ளன. பிள்ளை அங்கே ஓடுகின்றான், தாவுகின்றான், விழுந்து எழுகின்றான். எவரும் விரட்டாத அவ்விடத்தில் தன் கையைத் தானே பழக்கிக்கொண்ட பின்னரே கோட்டைக் கதவைத் திறக்கின்றான். ஆசிரியர் பயிற்சிக் கழகங்களில் பாடத்தின் தொடக்கநிலை பற்றி நாம் எழுதிய குறிப்புகளை இங்கே நினைவுகூரலாம். அச்சமற்ற சூழலில் தானே ஆய்ந்து கற்றல் என்று நாம் எழுதியதை, ஆட்டக்கலைஞர் ஒரு புல்வெளியாக அமைத்துக் காட்டினார்.

போற்றிய அதே திறனாய்வாளர் குறையும் கூறினர். ஆழம் பெற்ற உலகை எந்தக் கோணத்திலிருந்து பார்ப்பது என்பது புதிய சிக்கல். இதற்காக மேகத்தின்மீது மிதந்தபடி படக்கருவி ஏந்தி வரும் ஆமை ஒன்றை ஆட்டத்துள்ளேயே படைத்தனர். அக்கருவி சிற்சில இடங்களில் சுவரில் முட்டி நின்றது. தாவ வேண்டிய நேரத்தில் மேடையை மறைத்தது. இக்குறை அன்றே சுட்டப்பெற்றது. 2020 செப்டம்பரில் அவ்வாட்டம் ஒரு தொகுப்பில் மீண்டும் வெளிவந்தபோது, புதிய தலைமுறைத் திறனாய்வாளர் அதே குறையை இன்னும் அழுத்திக் கூறினர். அதே வேளை, மாரியோவின் ஓட்டமும் தாவலும் இன்றும் இன்பம் தருகின்றன என்றும் ஒப்புக்கொண்டனர். குணமும் நாடிக் குற்றமும் நாடி, மிகுந்தது எதுவெனத் தேர்ந்து கொள்ளுதல் என்று வள்ளுவர் வகுத்த நெறிக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

ஆடாத திறனாய்வாளர்

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. ரோஜர் ஈபர்ட் அமெரிக்காவின் புகழ்பெற்ற திரைப்படத் திறனாய்வாளர். 1975இல் புலிட்சர் பரிசு பெற்றவர். வீடியோ விளையாட்டுகள் ஒருநாளும் கலையாகா என்று 2010 ஏப்பிரலில் அவர் ஒரு கட்டுரை வரைந்தார். ஆட்டத்தில் விதிகள் உண்டு, வெற்றி உண்டு. கலையையோ வெல்ல இயலாது, உணர்ந்து துய்க்கவே இயலும் என்பது அவர் வாதங்களுள் ஒன்று. ஆயின் ஆட்டங்களை அவர் ஆடிப் பார்க்கவில்லை. ஓர் உரையில் காட்டப்பெற்ற காட்சித் துணுக்குகளைக் கொண்டே எழுதினார்.

அவருடைய வாதத்தை நாம் மேலே கண்ட பூங்காவில் வைத்துப் பார்ப்போம். அங்கே வெல்வதற்கு என்ன இருக்கின்றது? ஒன்றுமில்லை. ஓடுதலும் தாவுதலும் தாமே இன்பமாக அமைந்த இடம் அது. அங்கு ஒருமுறை உலவியிருந்தால் ஈபர்ட் தம் வாதத்தைக் கைவிட்டிருப்பார் என்று நாம் கூறவில்லை; இன்னும் கூர்மையாக்கியிருக்கவும் கூடும். உலவாமையால் அவ்வாய்ப்பே அவருக்கு இல்லாமற் போயிற்று.

அவர் பெருமை அடுத்து அவர் செய்ததில் விளங்குகின்றது. பல்லாயிரம் வாசகர்கள் மறுத்தெழுதவே, அதே ஆண்டு ஜூலையில் அவர் மீண்டும் எழுதினார். தம் கொள்கையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. எனினும் தாம் நன்கறியாத ஒன்றைப் பற்றிக் கருத்துரைத்திருக்கலாகாது என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். கொள்கையில் உறுதியும் அறிவின் எல்லை பற்றிய அடக்கமும் ஒருவரிடத்தே சேர்ந்திருக்க முடியும் என்பதை அவ்விரு கட்டுரைகளும் சேர்ந்து காட்டுகின்றன.

நம்மவர் படைப்பும் நம் தீர்ப்பும்

பழித்தல் மட்டுமே தவறாகும் என்பதில்லை. ஆராயாது புகழ்தலும் அதே தவற்றின் மறுபக்கம். 2023 சூலை 31ஆம் நாள் 'வெண்பா' என்னும் ஆட்டம் வெளிவந்தது. கனடாவின் டொரொண்டோ நகரில் இயங்கும் 'விசை கேம்ஸ்' குழு அதனைப் படைத்தது. தமிழ்நாட்டிலிருந்து 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்னும் பெண், அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை அது. தாய் தந்த சமையற் குறிப்பேடு சிதைந்துள்ளது. அழிந்த சொற்களை ஊகித்து, இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது என்பது போன்ற புதிர்களை ஆடுபவர் அவிழ்க்க வேண்டும். உணவின் வழியே மொழியும் உறவும் ஒரு தலைமுறைக்குள் நழுவிச் செல்வதை அவ்வாட்டம் காட்டுகின்றது.

2024இல் தனிநிலை ஆட்டங்களுக்கான அமெரிக்க விழாவின் பெரும்பரிசு அதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக் கழகமான 'பாஃப்டா' முதல் படைப்புக்கான விருதை அதற்கு வழங்கியது. செய்தி கேட்டுத் தமிழர் பலர் மகிழ்ந்தோம். மகிழ்ச்சி இயல்பே, ஆயின் மகிழ்ச்சி திறனாய்வு ஆகாது. அயலார் விருது வழங்கிய பின்னர் நம்மவர் படைப்பென்று பாராட்டி, அதனை ஆடிப் பாராது விட்டுவிடுவோமாயின், அது படைப்பாளிக்குச் செய்யும் சிறப்பு அன்று.

அதனை ஆடிய திறனாய்வாளர் சிலர் குறையும் கூறியுள்ளனர். ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்தில் ஆட்டம் முடிந்துவிடுகின்றது. புதிர்கள் எளியவை என்பன அவை. முதற் குறையை நாம் எவ்வாறு எடைபோடுவது? விலை கொடுத்து வாங்குபவருக்கு அறிவுரை கூறுதல் திறனாய்வாளரின் கடமைகளுள் ஒன்றாதலின், நேரத்தைக் கணக்கிடுதல் தவறன்று. ஆயின் அவ்வாட்டத்தின் பெயரே நமக்கு ஒரு விடையைத் தருகின்றது. வெண்பாவின் வகைகளுள் இரண்டடியில் முடிவதும் ஒன்று. அதனை அடி குறைந்ததென்று எவரும் தள்ளியதில்லை. எடுத்த பொருளுக்கு அளவு போதுமா என்பதே கேட்கத்தக்க வினா. கவின் வளர்ந்து ஆளாகி, தாயின் குறிப்பேட்டைப் படிக்கத் திணறும் பகுதிக்கு இன்னும் இடம் தந்திருக்கலாமா என்று ஆடியவர் வினவலாம். தமிழ் எழுத்து கைநழுவிப் போகும் குடும்பங்கள் நம் நாட்டிலும் உள. ஆதலின் அவ்வினாவை எழுப்பத் தமிழாசிரியரினும் தகுதியுடையார் யாவர்?

வகுப்பறைக்கு வருவோம்

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பாருக்கு ஒரு விடை உண்டு. 'கைப்பேசி விளையாட்டின் தீமைகள்' என்பது நம் பள்ளிகளில் பழகிப்போன கட்டுரைத் தலைப்பு. நிபோங் திபால் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களை அடுத்து வாழும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். நேற்று மாலை அவன் தோழர்களோடு கூடி ஓர் ஆட்டத்தில் மகிழ்ந்திருந்தான். தோற்றான், உத்தியை மாற்றினான், வென்றான். இன்று காலை வகுப்பில் அமர்ந்து, விளையாட்டு மூளையை மழுங்கச் செய்யும், ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று மனனம் செய்த தொடர்களை அழகிய கையெழுத்தில் எழுதுகின்றான். முன்னுரை, கருத்து, முடிவுரை யாவும் முறையாக உள்ளன. நாமும் உயர்ந்த மதிப்பெண் வழங்குகின்றோம். அவன் அன்று கற்ற பாடம் யாது? தான் பட்டறிந்த உண்மை வேறு, தமிழில் எழுத வேண்டியது வேறு என்பதே. மொழிக்கும் உள்ளத்துக்கும் இடையே இப்படி ஒரு சுவரை எழுப்பிவிட்டு, மாணவர் படைப்பாற்றலுடன் எழுதவில்லையே என்று பின்னர் வருந்துவதில் பயன் என்ன?

தீமையே இல்லை என்று வாதிடுவது நம் நோக்கமன்று. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாத நிலையை உலகச் சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. 2022 சனவரி முதல் அப்பட்டியல் நடைமுறையில் உள்ளது. உறக்கம் கெட ஆடும் பிள்ளையைத் தடுப்பது பெற்றோர் கடன். அதற்கு அவர்கள் ஆட்டம் அறிந்தவராக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆயின் அளவு மீறல் பற்றிய தீர்ப்பு வேறு. படைப்பின் தரம் பற்றிய தீர்ப்பு வேறு. மிகுதியாக உண்பதால் நோய் வரும் என்பதற்காகச் சமைத்தவரின் கைத்திறனைப் பழித்தல் முறையன்று. முன்னதற்குப் பிள்ளையின் நலத்தைக் காணும் கண் போதும். பின்னதற்குப் படைப்பினுள் புகுந்து வந்த அறிவு வேண்டும்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் மாணவரின் அடைவை ஆசிரியரே கண்டு, ஆராய்ந்து, நிலை வரையறுக்கின்றார். தீர்ப்பிடும் பொறுப்பு முன்னினும் மிகுதியாக நம் கையில் தங்கியுள்ள காலம் இது. ஆகவே மாணவருக்கும் நேர்மையான தீர்ப்பைப் பயிற்றுவித்தல் நம் கடமையாகின்றது. 'நான் ஆடிய ஓர் ஆட்டம்' என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். அவ்வாட்டம் உன்னிடம் என்ன கேட்டது? எங்கே மகிழ்வித்தது? எங்கே ஏமாற்றியது? எந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று உனக்கே தோன்றியது? ஒவ்வொரு கூற்றுக்கும் ஆட்டத்திலிருந்தே சான்று காட்டு. இவ்வாறு கேட்டால் பழிக்க வேண்டியதை மாணவன் நம்மினும் கூர்மையாகப் பழிப்பான்; போற்ற வேண்டியதைப் பொருளறிந்து போற்றுவான். அக்கட்டுரையைத் திருத்தும் முன்னர் அவனிடமே கருவியை வாங்கிச் சிறிது நேரம் ஆடிப் பார்ப்பது ஆசிரியர்க்கு இழுக்காகாது. அதங்கோட்டாசானும் முதலில் அமர்ந்து கேட்டவரே.