முருட்டு மரமும் செங்கோலும்

அறத்தை நேர்கோட்டால் அளந்தவர்கள் தமிழர்கள். நல்லாட்சியைச் செங்கோல் என்றும், தீயாட்சியைக் கொடுங்கோல் என்றும் அவர்கள் அழைத்தனர். திருக்குறளில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக நிற்கின்றன. செம்மை என்னும் ஒரு சொல்லே நேரான தன்மையையும் நல்ல தன்மையையும் ஒருங்கே குறிக்கின்றது. கோணல், கோட்டம் என்னும் சொற்களோ வளைவைக் குறிப்பதோடு நில்லாமல் குற்றத்தையும் குறிக்கத் தலைப்பட்டன. மரத்தின் கணுவையும் கரட்டையும் சுட்டும் முருடு என்னும் சொல்லின் உறவான முரடு, அடங்காத மனிதனுக்கு அடைமொழியாயிற்று. ஒரு பிள்ளையை 'முரட்டுக் கட்டை' என்று சொல்லும்போது, சொல்பவர் அறியாமலே ஒரு தீர்ப்பையும் எழுதிவிடுகிறார். பலகைக்கு ஆகாதது, விறகுக்கு மட்டுமே ஆவது என்பதே அத்தீர்ப்பு.

இத்தீர்ப்பு முறையானதுதானா? நேர்மையை நாடும் மொழி, கோணலாய் வளர்ந்த அனைத்தையும் தள்ளிவிட இசைவு தருகின்றதா? அன்றி, நேர்மையைத் தேட வேண்டிய இடம் மரமன்று, மரத்தைக் கையாளும் கைதான் என்று சொல்கின்றதா? இவ்வினாவுக்கு விடை காண மரத்தையே முதலில் கேட்க வேண்டும்.

ஈப்போ நகரின் தெற்கே அமைந்துள்ள குனோங் ராபாட் இதற்கு ஏற்ற இடம். அங்கே சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. சாம் போ தோங், கேக் லோக் தோங் முதலிய குகைக் கோயில்கள் அக்குன்றுகளின் வயிற்றில் அமைந்தவை. பாறையின் மேல் மண் மிகக் குறைவு. கிடைத்த வெடிப்பில் வேரை நுழைத்து, கிடைத்த ஒளியை நோக்கி உடலைத் திருப்பி, அங்குள்ள மரங்கள் முறுகியும் வளைந்தும் வளர்கின்றன. பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களிலோ வேறொரு காட்சி. அங்கே கயிறு பிடித்து அளந்து, நிரை நிரையாக மரங்களை நட்டனர். 1876 ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்ட விதைகளின் வழித்தோன்றல்கள், 1877 ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. அவற்றின் பின் எழுந்த தோட்டங்களில் ஆயிரமாயிரம் தமிழர் வாழ்ந்து உழைத்தனர். குன்றின் மரம் கோணல், தோட்டத்து மரம் நேர் என்று காண்பவர் கண் எளிதாகப் பிரித்துவிடும்.

ஆனால் உள்ளே நிகழ்வதைக் கண் அறியாது. நிரையில் நின்ற ரப்பர் மரத்தை அறுத்துப் பலகையாக்கினால், அது காயும்போது முறுகுவதுண்டு. அதன் உடலில் இழுவிசைக் கட்டை என்று மரநூலார் கூறும் பகுதி மிகுதியாக இருப்பதே காரணம். காற்றாலோ சரிவாலோ ஒரு மரம் சாயும்போது, சாய்வின் மேற்புறத்தில் அது தனியான இழைகளை வளர்க்கிறது. அவ்விழைகள் கயிறுபோல் இழுத்து மரத்தை மீண்டும் நிமிர்த்த முயல்கின்றன. ஊசியிலை மரங்களில் இப்பணியைச் சாய்வின் கீழ்ப்புறம் செய்கிறது. அங்கே கட்டை அழுந்தி, கீழிருந்து தாங்கி உயர்த்துகிறது. கணு என்பதோ முன்பு ஒரு கிளை வாழ்ந்த இடம். அக்கிளையைச் சுற்றி வளைந்து சென்றதால்தான் அங்கே இழைகள் நெளிந்தன. ஆகவே மரத்தின் கோணல் பெரும்பாலும் அதன் குற்றம் அன்று. அது விழாமல் நிற்க எடுத்த முயற்சியின் எழுத்து. இதை அறிந்த பின்னர், முருடு என்னும் சொல்லை இகழ்ச்சியாகச் சொல்ல நா கூசாதோ?

அறியாமை இருந்த காலத்தில் தீர்ப்பு எளிதாக இருந்தது. பால் வற்றிய ரப்பர் மரத்தை ஏறத்தாழ இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் வெட்டிச் சாய்த்து, அடுப்புக்கும் புகைக் கூடத்துக்கும் விறகாக்கினர். நீல நிறப் பூசணம் அதைப் பற்றும், வண்டு துளைக்கும், காய்ந்தால் முறுகும் என்று அதன் குற்றப் பட்டியல் நீண்டது. பின்னர் ஆய்வாளர் அக்குற்றங்களின் காரணத்தைத் தேடினர். வெட்டியவுடன் காலம் தாழ்த்தாமல் அறுத்து, போரான் உப்புக் கரைசலை ஊட்டி, முறையாக உலர்த்தினால் அதே மரம் நிலைத்து நிற்கும் என்று கண்டனர். 1980 களுக்குப் பின் மலேசியாவின் ஏற்றுமதித் தட்டுமுட்டுப் பொருள்களில் ரப்பர்க் கட்டை முதன்மையான இடம் பெற்றது. அதன் இயல்பு அப்படியே இருக்க, மனிதரின் அறிவே வளர்ந்து அதை எட்டிப் பிடித்தது.

இங்கே ஒரு பெரிய வேறுபாட்டைக் கருத வேண்டும். கட்டையை இரு வழிகளில் பகுக்கலாம். ஒன்று அறுத்தல், மற்றொன்று பிளத்தல். அறுப்பவன் முதலில் கோடு கிழிக்கிறான். வாள் அக்கோட்டின் வழியே செல்கிறது. இழை எவ்வழி சென்றாலும் வாளுக்குக் கவலையில்லை. பிளப்பவன் கோடு கிழிப்பதில்லை. அவன் ஆப்பை வைத்து அடிக்க, கட்டை தன் இழையின் வழியே திறந்து கொள்கிறது. பலகைக்கும் தூணுக்கும் அறுப்பே போதும். உயிரைத் தாங்கும் அளவுக்கு வளைந்து நிமிர வேண்டிய ஒரு கருவிக்கு அது போதாது. அக்கருவிதான் வில்.

வில் தமிழர்க்குப் புதியதன்று. சேரரின் இலச்சினை வில். சிலை என்னும் சொல் வில்லையும், வில் செய்வதற்கு உதவும் ஒருவகை மரத்தையும் ஒருங்கே குறிக்கும். வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் முள்ளும் முறுக்குமாக வளரும் ஓசேஜ் ஆரஞ்சு மரத்துக்குப் பிரெஞ்சுக்காரரும் 'வில்மரம்' என்றே பெயரிட்டனர். உள்வைரம் உடையதை மரம் என்றும், வெளியே வைரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். அவ்வகையில் மூங்கில் புல்லாகும். பேராக்கின் மலைக்காடுகளில் வாழும் தெமியார், செமாய் மக்கள் நீண்ட கணுவிடை கொண்ட மூங்கிலைத் தேர்ந்து ஊதுகுழல் செய்வதில் வல்லவர்கள். மூங்கில் இயல்பிலேயே நேராகப் பிளக்கும். அதன் நேர்மை பிறவிக் கொடை. வைரம் பாய்ந்த முருட்டு மரத்தின் நேர்மையோ தேடிக் காண வேண்டியது.

தேடும் முறை பொறுமை மிக்கது. வில் செய்வோர் கட்டையின் இரு முனைகளிலும் மெழுகோ சாயமோ பூசுவர். முனை விரைந்து காய்ந்தால் வெடிப்பு உள்ளே ஓடும். பின்னர் முனையில் இயல்பாகத் தோன்றியுள்ள மெல்லிய வெடிப்பைப் பார்த்து, மையத்தின் வழியாகச் செல்லும் அதன் திசையிலேயே முதல் ஆப்பை வைப்பர். சம்மட்டி ஒருமுறை இறங்கியதும் நின்று கவனிப்பர். பிளவு எங்கே ஓடுகிறதோ, அங்கே அடுத்த ஆப்பு, அதற்கப்பால் மற்றொன்று. ஒரே ஆப்பை ஓங்கி ஓங்கி அடித்தால் கட்டை சிதறும். பலவற்றைச் சிறிது சிறிதாக முறை வைத்து அடித்தால் அது முனகிக்கொண்டே திறக்கும். இரு பகுதிகளுக்கும் குறுக்கே பாலம்போல் தொங்கும் இழைகளைக் கோடரியால் வெட்டி விடுவிப்பர். முறுகிய கட்டையிலிருந்து வரும் பிளாச்சும் முறுகியே வரும். காண்பவர், இதுவா வில்லாகப் போகிறது என்று நகைப்பர். செய்பவர் நகைப்பதில்லை, முனையிலிருந்து முனை வரை அறுபடாமல் ஓடும் இழையை அவர் கண்டுவிட்டார்.

அந்த இழையே வில்லின் உயிர். நாணை இழுக்கும்போது வில்லின் முதுகு நீள்கிறது; வயிறு அழுந்துகிறது. முதுகில் ஓர் இழை குறுக்கே அறுபட்டிருந்தால், அங்கே சிம்பு எழுந்து வில் முறியும். வாளால் அறுத்து நேராக்கிய பிளாச்சு பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் முறுகிய இழைகள் அதன் விளிம்பில் வெட்டுண்டு கிடக்கும். பிளந்தெடுத்த பிளாச்சு பார்வைக்குக் கோணல், உள்ளே முழுமை. சிறிதளவு முறுக்கை வெப்பம் காட்டித் திருத்திக் கொள்ளலாம். அறுந்த இழையைத் திருத்த எந்த வெப்பமும் இல்லை. இங்கிலாந்தில் 1545 ஆம் ஆண்டில் மூழ்கி, 1982 ஆம் ஆண்டில் மேலே கொணரப்பட்ட மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர விற்கள் கிடைத்தன. யூ மரம் கணு மிக்கது. கணுவைச் செதுக்கித் தள்ளாமல், அதைச் சுற்றிச் சிறிது மரத்தைக் கூடுதலாக விட்டு வைப்பதே வில் தொழிலின் மரபு.

பிளாச்சைச் சீவி வில்லாக்கும் நிலையில் மற்றோர் உண்மை வெளிப்படும். வில்லை மெல்ல வளைத்துப் பார்க்கும்போது, ஓரிடம் தளர்ந்து அளவுக்கு மேல் வளைவது தெரியும். பழகாதவன் அந்த இடத்தையே சீவித் திருத்த முனைவான். அது மேலும் தளரும். பழகியவன் தளர்ந்த இடத்தைத் தொடவே மாட்டான். விறைத்து நிற்கும் மற்றப் பகுதிகளைச் சீவி, அவையும் வளையுமாறு செய்து, சுமையை எங்கும் பங்கிடுவான். தளர்ந்தவனைத் திருத்துகிறேன் என்று மேலும் மேலும் செதுக்கும் உலகத்துக்கு இதைவிடச் சிறந்த பாடம் உண்டோ?

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்னும் பழமொழியையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். இளங்கன்று வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். வில்லோ வளர்ந்து முற்றி, நன்கு காய்ந்த மரத்தால் ஆனது. அது வளைகிறது, விட்டவுடன் தன் நிலைக்கு மீள்கிறது, மீளும் வேகத்தால்தான் அம்பு பறக்கிறது. முன்னது பணிவு, பின்னது ஆற்றல். கல்வியின் நோக்கம் வளைந்தபடி நிற்கும் மனிதரை உண்டாக்குவது மட்டுமாயின் பழமொழி போதும். வளைந்து மீளும் மனிதரும் வேண்டுமாயின், உள்ளே ஓடும் இழையைக் காத்தாக வேண்டும்.

இதற்கு மறுப்பு உண்டு. எல்லா முருட்டுக் கட்டைகளும் வில்லாவதில்லை என்பர். அது மெய்யே. ஆயினும் வளைந்த கருவேலங் கட்டையைத் தேர்ந்து நாட்டுக் கலப்பை செய்ததும், வளைந்த கிளையைத் தோணியின் விலாக்கட்டையாக்கியதும் தமிழரின் பழந்தொழில்கள். வில்லாகாதது விறகுதான் என்பது சோம்பலின் வாதம். மற்றொரு மறுப்பு வலிமையானது. மரத்துக்கு விருப்பம் இல்லை, மனிதனுக்கு உண்டு. மரம் தன் முறுக்கைத் தானே திருத்தாது. மனிதன் திருத்திக் கொள்ளலாம். அதனால் பொய்யும் கொடுமையும் 'என் இயல்பு' என்று ஒருவன் சொல்லித் தப்ப இயலாது. உவமையின் எல்லை இதுவே. காற்றை எதிர்த்து நின்றதால் வந்த முறுக்கு வேறு. பிறரை வருத்தும் வினை வேறு. அம்பு நேராயினும் கொல்லும் என்றும், யாழ் வளைந்ததாயினும் இனிமை தரும் என்றும் உணர்த்திய வள்ளுவர், மனிதரை உருவத்தால் அன்று, செயலால் அறிய வேண்டும் என்றே முடித்தார். குமிழங் கொம்பை வளைத்து மரல் நாரை நரம்பாகக் கட்டி இடையன் ஒருவன் இசைத்த வில்யாழைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. வளைந்த கொம்பும் கட்டிய நரம்பும் வில்லுக்கும் யாழுக்கும் பொது. பயனை முடிவு செய்வது கை.

பள்ளிக்கு வருவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்பு நிலங்களாக மாறியும் போனபின், எத்தனையோ குடும்பங்கள் நகரங்களின் விளிம்புகளுக்குப் பெயர்ந்தன. பெயர்ந்த வேரின் முறுக்கு அக்குடும்பங்களின் பிள்ளைகளிடம் சில வேளை தெரியும். பேசாத பிள்ளை, எதிர்த்துப் பேசும் பிள்ளை, வகுப்பில் இருந்தும் இல்லாத பிள்ளை என அது பல வடிவம் கொள்ளும். 1988 ஆம் ஆண்டு முதல் தொடக்கப்பள்ளி மாணவரை அளந்து வந்த ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021 ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. ஒரு கோடு அழிந்தது. கோடு கிழிக்கும் பழக்கம் அதனோடு அழிந்துவிடவில்லை. ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருக்க, ஒவ்வொருவரின் இழையையும் தேடிக் கொண்டிருக்க இயலுமா என்று ஆசிரியர் கேட்பது நியாயமே. முப்பது கட்டைகளையும் ஒரே நாளில் எவரும் பிளப்பதில்லை. ஆனால் முதல் ஆப்பை வைக்குமுன் முனையைப் பார்ப்பதற்கு நெடுநேரம் ஆவதில்லை. அந்தப் பார்வை இல்லாமற் போவதே அநீதியின் தொடக்கம்.

தவறான தீர்ப்பால் வளைந்த கோலைத் தன் உயிரைக் கொடுத்து நிமிர்த்திய பாண்டியனைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அங்கே நிமிர வேண்டியிருந்தது குடிமகளின் குரல் அன்று. அவள் குரலோ அவை நடுங்க எழுந்தது. நிமிர வேண்டியிருந்தது மன்னனின் கோல். தமிழ் கண்ட செங்கோன்மையின் உட்பொருள் இதுவே. நேராக இருக்கும் கடமை கோலை ஏந்தியவனுடையது. ஆளப்படுவோர் அனைவரும் ஒரே கோட்டில் வளர வேண்டும் என்று அது ஒருபோதும் சொன்னதில்லை.

ஆசிரியர் கையிலும் ஒரு கோல் உண்டு. பிரம்பு மறைந்தாலும் மதிப்பெண், சான்றிதழ், ஒரு சொல், ஒரு முகக்குறிப்பு என அக்கோல் பல உருவில் வாழ்கிறது. அக்கோல் நேராக இருக்கட்டும். பிள்ளையின் இழை முறுகி ஓடினால் முறுகி ஓடட்டும். முனையிலிருந்து முனை வரை அறுபடாமல் ஓடட்டும்.