கயிறு பிடித்த கை

ஓர் உயிரை விலை கொடுத்து வாங்கியவர் அதன் உடலுக்கு உரியவர் ஆகலாம். அவ்வுயிர் வேறொருவர்மேல் வைத்த நம்பிக்கைக்கும் அவரே உரியவர் ஆவாரா? இவ்வினாவைக் குதிரையை முன்னிட்டு எழுப்ப விரும்புகிறோம். மோட்டார் ஓடும் காலத்தில் குதிரையைப் பற்றி என்ன ஆராய்ச்சி என்று அன்பர்கள் எண்ண வேண்டா. மர்பி டவுனிலும் அல்சூரிலும் வாழும் நம்மில் பலருடைய முன்னோர் இவ்வூருக்கு வந்த வழி, குதிரைக்குப் பின்னால் நடந்து வந்த வழியே ஆகும்.

1809இல் பெங்களூரில் தண்டு அமைந்தது. குதிரைப்படைகள் வந்தன, அவற்றின் பின்னே தமிழ் மாவட்டங்களிலிருந்து நம்மவர் வந்தனர். ஒப்பந்தம் எடுத்தோர், வாணிகம் செய்தோர் ஆகியோரின் பெயர்கள் தெருப்பலகைகளிலும் அறக்கட்டளைகளிலும் நிலைத்துள்ளன. லாயம் கூட்டியவர், லாடம் அடித்தவர், கொள்ளு வேகவைத்தவர் பெயர்கள் எங்கும் இல்லை. ஒரு குதிரைக்கு ஒரு குதிரைக்காரர், புல் அறுத்து வர இன்னோர் ஆள் என்பது அக்கால வழக்கம். அந்த இன்னோர் ஆள் பல இடங்களில் குதிரைக்காரரின் மனைவியே. முன்பு நாக்ஸ்பேட்டை எனப்பட்டுப் பின்னர் ஒரு பொறியாளர் பெயரால் மர்பி டவுன் ஆன நம் குடியிருப்பு, இத்தகைய உழைப்பாளர்களைக் கொண்டு நிறைந்த இடம்.

குதிரை நம் மண்ணுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிக்கிறது. மாணிக்கவாசகர் வரலாறே பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்டதில் தொடங்குவதன்றோ! பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ எழுதிய செய்தி நமக்குப் பெருமை தருவதன்று. ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகள் வாங்கப்பட்டன என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்றும் அவர் கூறுகிறார். பேணத் தெரிந்தவர் இல்லாமையே அவர் காட்டும் காரணம். பொன் இருந்தது, கை இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்த குதிரைகள் இன்னும் தொலைவிலிருந்து வந்தவை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் பல்லாயிரம் ஏக்கர்ப் பண்ணைகளில் மாட்டு மந்தைகளை ஓட்டி உழைத்த இனம் அது. வேல்ஸ் என்னும் பெயராலேயே 'வேலர்' என இந்தியப் படையில் அழைக்கப்பட்டது. வாரக்கணக்காகக் கப்பலின் அடித்தட்டில் நின்றபடியே வரவேண்டும். சென்னையில் துறைமுகம் கட்டப்படுமுன் கப்பல் கரையை அணைய இயலாது. குதிரைகளைக் கடலில் இறக்கி, அலைகளினூடே கரைக்கு நீந்தச் செய்தனர். பிறகு ஓசூரை அடுத்த மத்திகிரியில் இருந்த படைக்குதிரை நிலையம் போன்ற இடங்களில் பழக்கி, படைப்பிரிவுகளுக்கு அனுப்பினர்.

இப்போது குதிரையின் பக்கம் நின்று சிறிது எண்ணிப் பார்ப்போம். பத்து மனிதர் எடையுள்ள விலங்கு அது. அதனைக் கப்பலிலோ, ரயில் பெட்டியிலோ, லாரியிலோ ஏற்றும்போது ஒரு மனிதர் கயிற்றைப் பிடித்து முன்னே நடக்கிறார். அது ஒருமுறை தலையை உதறினால் கயிறு அவர் கையை அறுத்துக்கொண்டு போய்விடும். ஆதலால் அதை ஏற்றுவது கயிறு அன்று. வெயிலிலிருந்து இருளுக்குள் நுழையும்போது குதிரையின் கண் தெளிய நம் கண்ணைவிட நெடுநேரம் ஆகும். திறந்த பெட்டி அதற்கு ஒரு படுகுழியாகத் தோன்றும். காலடியில் பலகை அதிர்கிறது. ஓடித் தப்புவதையே பாதுகாப்பாகக் கொண்ட விலங்கை, ஓட முடியாத இடத்துக்குள் போகச் சொல்கிறோம். தேர்ந்த குதிரைக்காரர் அங்கே இழுப்பதில்லை. இழுத்தால் அது பின்வாங்கும் என அவர் அறிவார். தாமும் நிற்பார், தோளோடு ஒட்டி நின்று, வழக்கமான குரலில் ஏதோ சொல்வார், அது ஓரடி வைத்தால் கயிற்றைத் தளர்த்துவார். முன்பே பழகிய குதிரை ஒன்றை முதலில் ஏற்றுவதும் உண்டு. பின் அது ஏறுகிறது. 'கொள்ளென்றால் வாய் திறக்கும், கடிவாளம் என்றால் வாய் மூடும்' என்று நாம் குதிரையை ஏசுகிறோம். அதன் இடத்தில் இருந்தால் நாமும் அவ்வாறே செய்வோம். கடிவாளத்துக்கும் அது வாய் திறப்பது, நீட்டிய கை யாருடையது என்று அறிந்த பின்னரே.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. அந்த நம்பிக்கையைப் பல மாதம் விடியலில் எழுந்து தேய்த்தும் குளிப்பாட்டியும் ஈட்டியவர், அக்குதிரையின் ஒரு மயிருக்கும் உரிமையில்லாத கூலியாள். ஏற்றி அனுப்ப ஆணையிடுபவர், லாயத்துக்குள் வந்தறியாதவராகவும் இருக்கலாம். ஒருவர் ஈட்டியதை மற்றொருவர் செலவிடுகிறார். குதிரை நல்ல இடத்துக்குப் போனால் சரி. கொலைக்களத்துக்கோ, சுமைக்காரரின் சவுக்குக்கோ போனால்?

1918இல் இது பெருங்கணக்கில் நடந்தது. முதல் உலகப் போருக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகள் கடல் கடந்தன. நாடு திரும்பியது சாண்டி என்னும் ஒரே குதிரை. நோய்த்தடுப்பும் கப்பல் செலவும் தடையாயின. முதியவை சுடப்பட்டன, நல்லவை பிற படைகளுக்கு, இந்தியாவுக்கும்கூட, மாற்றப்பட்டன. ஆங்கிலேயப் படைக்குதிரைகள் பல எகிப்தில் விற்கப்பட்டன. 1918 செப்டம்பர் 23 அன்று ஹைபாவில் மைசூர்க் குதிரைப்படையும் ஜோத்பூர்ப் படையும் பெற்ற வெற்றியை நம் நகரம் நினைவில் வைத்திருக்கிறது. வீரர்க்குத் தூண் உண்டு, மிகத் தகும். அவர்களைச் சுமந்தவற்றின் பின்கதையை யாரும் கேட்பதில்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு. 1930இல் கெய்ரோவுக்குச் சென்ற டாரதி புரூக் என்னும் ஆங்கிலப் பெண்மணி, போரில் உழைத்த குதிரைகள் எலும்பும் புண்ணுமாய்க் கல்வண்டி இழுப்பதைக் கண்டார். நாளிதழுக்கு எழுதி, நன்கொடை திரட்டி, ஏறத்தாழ ஐயாயிரம் குதிரைகளை விலைக்கு வாங்கினார். 1934இல் மருத்துவமனையும் நிறுவினார். ஆனால் வாங்கியவற்றுள் மிகப் பலவற்றுக்கு அவர் அளிக்க முடிந்தது சில நாள் நல்ல தீனியும், பிறகு வலியற்ற சாவும்தான்.

இது அருளா, கொலையா? 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் தீராத் துன்பத்தில் கிடந்த கன்றுக்குட்டியை ஊசி போட்டு இறக்கச் செய்தபோது காந்தியடிகளை இதே வினா சூழ்ந்தது. நாடெங்கும் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவர் தம் செயலை அகிம்சை என்றே நிலைநாட்டினார். நாமும் அவர் பக்கமே நிற்கிறோம். கிழக்குதிரையை வைத்துச் சோறிடலாம். இயலாவிடில் தம் கண்முன் வலியின்றி முடிவளிக்கலாம். விற்றுக் காசாக்குவது ஒன்றே தகாதது. ஏனெனில் விற்பவர் அங்கே விற்பது உடலை மட்டுமன்று. மனிதக் கையை நம்பிப் பின்னே வரும் பழக்கத்தையும் விற்கிறார். அது அவர் ஈட்டியதன்று.

குதிரையின் நம்பிக்கை வெறும் தீனிப் பழக்கம்தானே என்பாரும் உளர். அப்படியே இருக்கட்டும். குழந்தையின் நம்பிக்கையும் பாலில்தான் தொடங்குகிறது. இனி, கயிறு பிடித்தவர்மேல் குற்றம் உண்டா? மறுத்தால் அன்றே வேலை போகும். வீட்டில் உலை ஏறாது. அவரைக் குற்றவாளி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் குதிரை திரும்பிப் பார்ப்பது அவரைத்தான்; முதலாளியை அன்று. குற்றம் ஓரிடத்திலும் துயரம் ஓரிடத்திலுமாகப் பிரிந்து நிற்கும் இவ்வேற்பாட்டை மனிதரிடையேயும் காண்கிறோம். ஊரிலிருந்து ஆள் திரட்டித் தோட்டங்களுக்கு அனுப்பிய கங்காணியும் பல வேளைகளில் உறவினரே; நம்பி ஏறினர் நம்மவர்.

இன்று நம் பகுதியில் ஜட்கா இல்லை. பந்தயக் குதிரைகளும் திருமண ஊர்வலக் குதிரைகளும் இன்னும் லாரியில் ஏறி இறங்குகின்றன. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் அவற்றுக்கும் உண்டு: ஒரு வண்டியில் நான்கு முதல் ஆறு வரை, மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது, உடன் ஓர் ஆள் செல்ல வேண்டும். மைய அரசு அலுவலகக் கோப்புகளோடு நாள் கழிக்கும் நமக்கு ஒன்று தெரியும்: விதியில் எண் குறித்திருந்தால் அவ்வெண்ணை எவரோ மீறி எவ்வுயிரோ துன்புற்றிருக்கிறது. உடன் ஓர் ஆள் என்றது நல்ல விதியே. ஆனால் அவ்வாள் அக்குதிரையைப் பேணியவராக இருத்தல் வேண்டும் என்று அதில் இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்தால் வண்டி போய்ச் சேரும் இடத்தைக் கயிறு பிடித்தவரும் காண்பார். திரும்பி வந்து லாயத்தில் சொல்வார்.