யாருடைய ரகசியம்?

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு மனநல ஆலோசகர் நான். சம்பளம் தருவது நிர்வாகம். நைட் ஷிஃப்ட் முடித்து வரும் பெண், கழுத்திலுள்ள ஐடி கார்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் பேசத் தொடங்குவாள். மறுநாள் எச்.ஆர். கேட்பார்: "யார் மேடம் வந்தது?" சொல்ல மாட்டேன். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது. உயிராபத்து போன்ற விலக்குகளை அவளிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜரோ, வெளியே சொன்னால் நரகம் என்று குரு மறைக்கச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூரில் கோபுரமேறி ஊருக்கே சொன்னார் என்பார்கள். எது அறம்? அவர் நரகத்தைத் தானே ஏற்கத் துணிந்தார். நான் வாய் திறந்தால் வேலை போவது அவளுக்கு.

ஆனால் என்னிடம் வரும் பலரும் தாங்கள் தங்கும் தொழிலாளர் விடுதியைச் சொல்லியே அழும்போது? 2021 டிசம்பரில், இதே வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையின் விடுதிச் சாப்பாடு பலரை நோயில் தள்ளியபின், அங்கு வேலைபார்த்த பெண்கள் போராட நெடுஞ்சாலையில் உட்கார வேண்டியிருந்தது. அதனால், என்னிடம் வருபவர்களின் சம்மதத்தோடு, பெயர்களின்றி நிர்வாகத்துக்கு எழுதுகிறேன்: அறையில் ஆட்களைக் குறையுங்கள், தூங்க விடுங்கள்.