பச்சையும் சிவப்பும்

இலங்கைக்கு வரும் பயணிகள் பெரிதும் விரும்பியெடுக்கும் படமொன்றுண்டு: மலைச்சரிவெங்கும் தேயிலைப் பசுமை, நடுவே சிவப்புச் சேலையணிந்து கொழுந்து பறிக்கும் பெண். பச்சைக்கு எதிர்நிறம் சிவப்பு; ஆதலால் அச்சிறு புள்ளியை நோக்கியே நமது கண் விரைகிறது. மலையின் பெருமையை அளந்து காட்டும் அளவுகோலாகவும் அவளே நிற்கிறாள்.

இவ்வழகை இரசிப்பது தவறா? அழகு உண்மையை மறைக்கும் திரை என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. படத்தை ஊன்றி நோக்குவோம்: கூடையின் கயிறு அவளது நெற்றியில் அழுந்தியிருக்கிறது. பாரம் படத்திலேயே உண்டு. எவரும் அதை மறைக்கவில்லை. நிறம் அவளிடம் அழைத்துச் செல்கிறது. பார்ப்போர் பலரோ அவளைக் கண்டும் காணாது, மலையை வியந்து மீள்கின்றனர்.

இப்பாராமுகத்துக்கு வரலாறும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கு அவ்வுரிமையை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. நாட்டின் அழகாகப் படங்களில் நின்றவர்களுட் பலர், நாட்டின் பிரசைகளாக எண்ணப்படவில்லை.

கண்ணை அவளிடம் சேர்ப்பது நிறத்தின் வேலை. கருத்தை அவளிடம் நிறுத்துவது நமது கடன்.