யார் தலை, யார் கத்திரி

கதிர்காமத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு பெண் சாமியாடிக்கொண்டிருந்தார். சீப்புப் படாத நீண்ட சடைகள் அவர் ஆட்டத்துக்கு ஏற்பப் பாம்புபோல நெளிந்தன. வேடிக்கை பார்த்தவர்களில் இலங்கையின் மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபேசேகரவும் ஒருவர். படித்தவர், சடங்குகளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர். ஆனாலும் அந்தச் சடையைக் கண்டதும் அவருக்கு அருவருப்பும் கலக்கமும்தான் வந்தன. கிரேக்கக் கதையில் தலைமுடிக்குப் பதில் பாம்புகளைக் கொண்ட மெடூசா அவர் நினைவில் வந்து நின்றாள்.

இதை ஒளிக்காமல் அவரே எழுதியிருக்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவரோ அப்படிச் சடை வளர்த்தவர்களைத் தேடிப்போய் உட்கார்ந்து பேசினார். முறிந்த தாம்பத்தியம், இறந்துபோன உறவைப் பற்றிய குற்றவுணர்வு, ஆவேசம் வந்து அலைந்த நாட்கள், கடைசியில் தெய்வம் கொடுத்த வரமாகத் தலையில் இறங்கிய சடை என்று ஒவ்வொருவரும் ஒரு வாழ்க்கையைச் சொன்னார்கள். அந்தப் பேச்சுகளிலிருந்து பிறந்த புத்தகம் 1981-ல் வெளிவந்தது. தலைப்பிலேயே மெடூசாவின் தலைமுடி இருக்கிறது. அவரைப் பயமுறுத்திய பாம்பு அவர் படிப்பிலிருந்து வந்தது. அந்தப் பெண்களின் தலையில் இருந்தது வேறு.

சடை என்ற சொல்லைத் தமிழர்கள் தாராளமாகப் புழங்குகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளை ரிப்பன் வைத்து மடித்துக் கட்டுவது ரெட்டைச் சடை. தில்லையில் ஆடுகிறவரின் தலையில் விரிந்து பறப்பதும் சடை. வாராமல் விட்ட முடி முறுகிக் கயிறானாலும் சடைதான். வினைச்சொல்லைக் கவனித்தால்தான் வித்தியாசம் தெரியும். பள்ளிக்குப் போகிறவளுக்கு அம்மா சடை ‘பின்னுகிறாள்’. ஊர்க்கிழவிக்குச் சடை ‘விழுந்துவிடுகிறது’; அதைச் செய்த ஆள் என்று யாருமில்லை, அம்மன் செயல். நகரத்து இளைஞர் சலூனுக்குப் போய் ட்ரெட்லாக்ஸ் ‘போட்டுக்கொள்கிறார்’. தானாக வந்ததா, தானே செய்துகொண்டதா, பிறர் செய்துவிட்டதா என்ற கேள்வி இந்த வினைகளுக்குள்ளேயே இருக்கிறது.

விழுவதற்கும் போடுவதற்கும் அடிப்படை ஒன்றுதான். முடி ஒவ்வொன்றின் மேலும் ஓடு வேய்ந்ததுபோல நுண்ணிய செதில்கள் உண்டு. முடியோடு முடி உரசும்போது செதில்கள் ஒன்றோடொன்று சிக்கும். ஆட்டு ரோமம் கம்பளியாக இறுகுவதும் இப்படித்தான். சுருட்டை முடி சீக்கிரம் இறுகும், நேர்முடி வழுக்கிக்கொண்டே இருக்கும். மனிதத் தலையிலிருந்து நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது வழக்கம். வாருகிறவர்களுக்கு அது சீப்போடு போய்விடுகிறது. சடை வளர்ப்பவருக்கு எங்கும் போவதில்லை. சடைக்குள்ளேயே தங்கி அதைப் பருமனாக்குகிறது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். அறுபது சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சடையின் நுனி, குறைந்தது நான்கு வருஷத்துக்கு முன்னால் உச்சந்தலையில் இருந்தது. அது முளைத்த பிறகு உதிர்ந்ததில் பெரும்பகுதியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

‘இவங்க குளிக்கவே மாட்டாங்களோ?’ என்பதுதான் சடையைப் பார்த்தவர்கள் முதலில் கேட்பது. நன்றாகப் பேணுகிறவர்கள் வாரத்துக்கு ஒரு தடவையாவது தலைக்குக் குளிக்கிறார்கள். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள முடி வழுக்கும், சுத்தமான முடிதான் நன்றாக இறுகும். நுரையைச் சடையின் மேல் தேய்ப்பதைவிட வேர்ப்பகுதியில் விரல் நுனியால் தேய்த்து, தண்ணீரைச் சடை வழியே ஓடவிடுகிறார்கள். சீயக்காய்ப் பொடி போன்றவற்றைத் தொடுவதில்லை, உள்ளே புகுந்த தூள் வெளியே வராது. மெழுகு தடவினால் ஆரம்பத்தில் பளபளப்பாக இருக்கும். பிறகு போர்வைப் பஞ்சிலிருந்து தெருப்புழுதி வரை எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. ஈரச் சடையைத் துண்டில் சுற்றி, மேலிருந்து கீழாகக் கைப்பிடி கைப்பிடியாகப் பிழிய வேண்டும். வெளியே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும். நடுவில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தோடு கொண்டை போட்டுப் படுத்தால், மழைக்காலத்தில் அலமாரியில் கிடந்த துணியின் வாடை இரண்டொரு நாளில் தலையிலிருந்து வரும். பூஞ்சை பிடித்துவிட்டால் சில சமயம் வெட்டுவதைத் தவிர வழியில்லை. அதனால் தலைக்குக் குளிப்பவர்கள் காலையிலேயே குளித்துவிட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுகிறார்கள். வேரில் புதிதாக வளரும் முடியை உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்துத் திரி திரிப்பதுபோல உருட்டுவது, பிசிறுகளைக் குரோஷே ஊசியால் உள்ளே இழுத்துவிடுவது, பக்கத்துச் சடையோடு ஒட்டத் தொடங்கியதைப் பிரித்துவிடுவது எல்லாம் தொடரும். அளவுக்கு மீறி முறுக்கினாலும் இறுக்கிக் கட்டினாலும் வேர் இழுபட்டு நெற்றியோரம் வழுக்கை விழும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை தலை குருவிக்கூடுபோலத்தான் இருக்கும். பலர் பொறுமையிழப்பது அந்தக் காலத்தில்தான்.

இத்தனை பாடுபட்டு வளர்த்ததை ஒன்றரை நிமிஷத்தில் இழந்த பையனும் உண்டு. 2018 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பள்ளி மல்யுத்தப் போட்டி. களமிறங்கிய கறுப்பின மாணவனுக்கு வயது 16. முடியை வெட்டு, இல்லையென்றால் தோற்றதாக அறிவிப்பேன் என்றார் நடுவர். களத்தின் ஓரத்திலேயே அணியோடு வந்த உதவியாளர் ஒருவர் கத்திரியை எடுத்துச் சடைகளை வெட்டினார். பையன் களமிறங்கிக் கூடுதல் நேரத்தில் ஜெயித்தான். கை உயர்த்தப்பட்டபோது அவன் முகத்தில் ஜெயித்த களை இல்லை. அந்த வீடியோ உலகம் சுற்றியது. சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே தேதியில், தலைமுடியைக் காரணம் காட்டி ஒதுக்குவதைத் தடைசெய்யும் சட்டம் நியூஜெர்சியில் கையெழுத்தானது. கலிபோர்னியா அதே ஆண்டு ஜூலையிலேயே முந்திக்கொண்டிருந்தது. சட்டம் வந்தும் சந்து பொந்துகள் அடைபடவில்லை. 2024-ல் டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று, மாணவர்களின் முடி நீளத்துக்கு ஒரு பள்ளி வைத்த வரம்பு அந்த மாநிலத்தின் இதே வகைச் சட்டத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டது. சடை போடலாம், காதுக்குக் கீழே தொங்கக் கூடாது என்றால், பல மாணவர்களுக்கு அது சடையே போடாதே என்பதுதான்.

ட்ரெட்லாக்ஸ் என்ற பேச்சு வந்தாலே நினைவுக்கு வரும் ஜமைக்காவிலும் இந்தக் கதை உண்டு. 1930-ல் எத்தியோப்பியாவில் ஹைலி செலாசி முடிசூடிய பிறகு அங்கே உருவான ராஸ்தஃபாரி நெறியில், தலையில் கத்தி படவிடாமல் இருப்பது விரதம்; பைபிளில் வரும் நசரேய விரதத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள். 1845 முதல் கூலிகளாகப் போன இந்தியர்களிடம் கண்ட சாதுக்களின் சடையும் இதற்கு ஒரு மூலம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ராஸ்தஃபாரியின் முன்னோடிகளில் ஒருவரான லெனர்ட் ஹவல் தன் நூலுக்கு வைத்துக்கொண்ட புனைபெயரில் ‘மகராஜ்’ என்ற இந்தியச் சொல்லின் சாயல் இருக்கிறது. கென்யக் காட்டுப் போராளிகளின் புகைப்படங்கள்தான் மூலம் என்பவர்களும் உண்டு. எங்கிருந்து வந்திருந்தாலும் 1963-ல் காரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நடந்த மோதலுக்குப் பிறகு போலீஸ் ராஸ்தாக்களை வளைத்து வளைத்துப் பிடித்தது; பலருடைய சடையையும் தாடியையும் பலவந்தமாகச் சிரைத்தது. அதற்காக ஜமைக்கா அரசு மன்னிப்புக் கேட்டது 2017-ல். வெட்டியதற்கும் வருந்தியதற்கும் நடுவில் 54 வருஷம்.

கேப்டவுனின் போல்ஸ்மூர் சிறையில் 2007-ல் ஐந்து காவலர்கள் சடையை வெட்ட மறுத்ததால் வேலையிழந்தார்கள். சிலர் ராஸ்தாக்கள். மற்றவர்கள் மூதாதையரின் அழைப்பு வந்ததால் சடை வளர்த்த கோசா இனத்தவர்கள். வழக்கு படிப்படியாக ஏறி 2013-ல் தென்னாப்பிரிக்காவின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. அதே சிறைத்துறையில் பெண் காவலர்கள் சடையோடு வேலை பார்க்கத் தடை இருக்கவில்லை! சடையால் கைதி யாராவது தப்பினார், வேலை ஏதாவது கெட்டது என்று நிர்வாகத்தால் காட்ட முடியவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வெட்டச் சொன்ன கதைகள். வெட்டவே விடாத கதைகளும் உண்டு.

போலந்தில் சில நூறு வருஷங்களுக்கு முன்பு தலையில் சிக்குண்டு கட்டியாகிப்போன முடியை மக்கள் பயபக்தியோடு வைத்திருந்தார்கள். உடம்பிலிருக்கும் நோய் முடிவழியாக வெளியே வருகிறது, வெட்டினால் திரும்ப உள்ளே போய்க் கண்ணைக் கெடுக்கும் என்பது நம்பிக்கை. மருத்துவர்களே அதற்கு ‘பிளைகா பொலோனிகா’ என்று போலந்தின் பெயரை வைத்தார்கள். கிராக்கோ நகரத்து மருத்துவப் பேராசிரியர் யூசெஃப் டீட்டில் 19-ஆம் நூற்றாண்டில் இது நோயல்ல, வெறும் பராமரிப்பின்மை என்று பிரசாரம் செய்தார். வழக்கம் மெல்ல மறைந்தது.

மராட்டியத்திலும் வட கர்நாடகத்திலும் இதுபோன்ற நம்பிக்கை இன்னும் மறையவில்லை. ஒரு பெண்ணின் தலையில் சிக்கு இறுகிச் சடையானால் சவதத்தியில் கோயில் கொண்ட எல்லம்மா தேவி வந்துவிட்டாள் என்பார்கள். வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பயம். ஒரு காலத்தில் அந்தச் சடையையே அடையாளமாகக் கொண்டு சிறுமிகளைத் தேவிக்கு நேர்ந்துவிட்டதும் உண்டு. ஆசைப்பட்டு வளர்த்த சடை இல்லை இது. கழுவ முடியாது, பேன் போகாது, ராத்திரி படுத்தால் தலையைத் திருப்ப முடியாது, கழுத்து வலி தீராது. காலில் விழுகிற ஊர், அவள் கழுத்து வலியைக் கேட்பதில்லை.

2013-ல் புனேயில் சுட்டுக்கொல்லப்பட்ட மருத்துவர் நரேந்திர தாபோல்கர் தொடங்கிய மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தைச் சேர்ந்த நந்தினி ஜாதவ், இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சடையை வெட்டியிருக்கிறார். இதில் கத்திரிக்கு வேலை கொஞ்ச நேரம்தான். அதற்கு முன்னால் அந்த வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய், அந்தப் பெண்ணோடும் குடும்பத்தோடும் பேசிப் பயத்தைத் தணிப்பதில்தான் நாட்கள் கழிகின்றன.

அந்தப் பேச்சைத் தவிர்த்துவிட்டால் நல்ல எண்ணமும் பலவந்தமாக வெட்டும் பழைய பாதைக்குப் போய்விடுகிறது. கர்நாடகத்தில் எல்லம்மாவுக்கு நேர்ந்துவிடப்பட்ட ஜோகதிப் பெண்களிடையே ஆய்வு செய்த லூசிண்டா ராம்பெர்க், சீர்திருத்தம் என்ற பெயரில் அவர்கள் சடை வெட்டப்பட்டதைப் பற்றி 2009-ல் எழுதினார். சீர்திருத்தம் பேசியவர்களுக்கு அது அழுக்கு. அந்தப் பெண்களில் சிலருக்கு அது தலையில் குடியிருக்கும் தேவி. வலித்தவளுக்கு வெட்டுவது விடுதலையாக இருந்திருக்கும். மற்றவளுக்கு அது வேறொரு ஆள் வந்து தன் சாமியை வெட்டியது.

தானே விரும்பி வெட்டிக்கொண்டாலும் ஊர் விடுவதில்லை. முத்தோனி வா கிரிமா கென்யாவின் மாவ் மாவ் போராளி. 1950-களில் பிரிட்டிஷாருக்கு எதிராகக் காட்டில் ஆயுதம் ஏந்தி, ஃபீல்டு மார்ஷல் என்ற பட்டம் பெற்றவர். காட்டில் விழுந்த சடையைச் சுதந்திரம் வந்த பிறகும் அவர் வெட்டவில்லை. போராடியவர்களுக்கு நிலமும் மரியாதையும் வந்து சேரவில்லையே என்பது அவர் மனக்குறை. ஏறக்குறைய எழுபது வருஷம் அந்தச் சடையோடு வாழ்ந்தார். 2022 ஏப்ரலில், தொண்ணூறைத் தாண்டிய வயதில், முதல் அதிபரின் மனைவி இங்கினா கென்யாட்டாவின் கையால் அதை வெட்டிக்கொண்டார். நாடே இரண்டுபட்டது. ஏன் வெட்டினார், அதுவும் அந்தக் குடும்பத்தின் கையால் ஏன், யார் மனதை மாற்றினார்கள் என்று தொலைக்காட்சியிலும் தெருவிலும் வாதம். எழுபது வருஷம் சுமந்தவருக்கு இறக்கி வைக்கவும் உரிமை உண்டு என்பது அந்தச் சத்தத்தில் அதிகம் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அவர் காலமானார்.

கென்யாவைச் சொல்வானேன்? கிரிக்கெட் வீரர் கிறிஸ் கெயில் சடை பறக்கச் சிக்ஸர் அடித்தபோது சோபாவிலிருந்து எழுந்து நின்று கைதட்டிய தாத்தா, பேரன் அதே சடையோடு லீவுக்கு வந்தால் வாசலிலேயே நிறுத்தி, ‘என்னடா கோலம் இது? கஞ்சா கிஞ்சா அடிக்கிறியா?’ என்கிறார். பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் கேட்காமலேயே தொட்டு இழுத்துப் பார்த்து, ‘ஒரிஜினலா தம்பி?’ என்கிறார். பள்ளிகளில் முடி நீண்ட பையன்களைப் பிரேயரில் நிறுத்தி, வகுப்பறையிலேயே வெட்டிவிட்ட ஆசிரியர்கள் செய்தியில் வந்திருக்கிறார்கள். மாணவர்களுக்கு ‘புள்ளிங்கோ’ கட்டிங் வெட்டாதீர்கள் என்று ஊர்ச் சலூன்காரர்களுக்குத் தலைமையாசிரியர்கள் கடிதம் கொடுத்ததும் உண்டு.

அந்தச் சலூன்களில் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலை போய் உட்கார்ந்தால் தெரியும். கூட்டம் நெரிகிறது, ரேடியோ பாடுகிறது, கடைக்காரருக்கு மூச்சு விட நேரமில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆளுக்கும் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, நாற்காலியை ஒரு மிதி மிதித்து உயர்த்தி, கத்திரியைக் காற்றில் இரண்டு தடவை தட்டிவிட்டு, கண்ணாடிக்குள் தெரியும் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்: ‘எவ்ளோண்ணே எடுக்கட்டும்?’