ஊழ் ஒருவருடையதன்று

வந்த நோய்க்கு மருந்து உண்பதும் வராத நோய்க்கு மருந்து உண்பதும் ஒரே வகைச் செயல்களாகத் தோன்றினாலும், அவற்றின் பின்னுள்ள மனநிலை வேறானது. முன்னதில் வலியே மருந்தைக் கேட்கிறது. பின்னதிலோ, உடல் நலமாக இருக்கும் நாளில், நேராத ஒன்று நேரக்கூடும் என்ற அறிவு மட்டுமே மருந்தைக் கேட்கிறது. அந்த அறிவுக்குச் செவிகொடுக்க வேண்டுமா என்பது சமயச் சிந்தனையில் பழைய கேள்வியாகும். வரவேண்டியது வந்தே தீரும் என்றால் காப்பு பயனற்றது, வராது என்றால் அது தேவையற்றது என்று இரு பக்கமும் கதவடைக்கும் வாதம் பல சமயங்களில் எழுந்திருக்கிறது. அந்தச் சமயங்களுக்குள்ளேயே மறுக்கப்பட்டும் இருக்கிறது. பிறவியிலேயே குருதிக் குறைபாடு உடைய ஒருவர் மலேரியா பரவும் வட்டாரத்துக்குப் பயணம் செய்யும்போது இக்கேள்வி புதிய கூர்மை பெறுகிறது. ஏனெனில் அவரைப் பொறுத்தவரை ஊழ் என்பது சொல்லளவில் நிற்கும் கருத்து அன்று, நுண்ணோக்கியில் கண்ணால் காணத்தக்க வடிவம்.

திருப்பூர் மாவட்டம் தாராபுரம் வட்டத்தில், தாராபுரத்திலிருந்து கரூர் செல்லும் சாலையில் அமைந்த மூலனூர், இதை ஆராய்வதற்குப் பொருத்தமான இடம். மழை குறைந்த மேட்டாங்காட்டுப் பூமியான இவ்வூரின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விவசாயிகள் பருத்தியை மூட்டை மூட்டையாக இறக்கி ஏலத்துக்கு வைக்கின்றனர். பருத்தி பஞ்சாகி, நூற்பாலையில் நூலாகி, திருப்பூரில் பனியன் துணியாகிறது. இவ்வட்டாரத்து மில்களிலும் பனியன் கம்பெனிகளிலும் இன்று உழைப்பவர்களில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் மாநிலத்தவர் பலர். தன்பாத்–ஆலப்புழா விரைவு ரயில் ராஞ்சி, சம்பல்பூர், பலாங்கிர், திட்லாகர், ராயகடா வழியாக வந்து திருப்பூரில் நிற்கிறது. அதே ரயில் அவர்களைத் திரும்பவும் ஊருக்கு ஏற்றிச் செல்கிறது. மேற்கு ஒடிசாவின் பெருவிழாவான நுவாகாய், அதாவது புதுநெல்லைத் தெய்வத்துக்குப் படைத்துக் குடும்பமாகக் கூடி உண்ணும் நாள், விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் வருகிறது. அது மழைக்காலம், மழைக்காலமே மலேரியாவின் காலம். ராயகடா, கோராபுட், மல்கான்கிரி, கந்தமால் போன்ற மாவட்டங்கள் நெடுங்காலமாக அக்காய்ச்சலின் உறைவிடங்கள். அதே மாநிலத்தின் மேற்கிலும் தெற்கிலுமே அரிவாள் செல் சோகை என்னும் பரம்பரை நோயும் மிகுதியாகக் காணப்படுகிறது.

குருதியின் சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்னும் புரதத்தில், ஒரு சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் என்னும் அமினோ அமிலம் அமர்ந்துவிடுவதே அரிவாள் செல் நோயின் மூலம். இந்தச் சிறு மாற்றத்தால், காய்ச்சலின்போதும், உடலில் நீர் வற்றும்போதும், ஆக்சிஜன் குறையும்போதும் வட்டமான சிவப்பணு கதிர் அரிவாள்போல் வளைந்து விறைக்கிறது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்க, எலும்பைப் பிளப்பதுபோன்ற வலி எழுகிறது. நலமான சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ, இவ்வணு 10 முதல் 20 நாளிலேயே சிதைந்துவிடுவதால் சோகை நீங்குவதில்லை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இம்மரபணுவைப் பெற்றவருக்கே நோய் வருகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நோயின்றி வாழ்கிறார், அவரைக் கடத்தி என்பர்.

இத்தகைய கேடு பயக்கும் மரபணு தலைமுறை தலைமுறையாக அழியாமல் நின்றது ஏன் என்ற வினாவுக்கு விடையின் திசையைக் காட்டியவர் மரபியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன். தலசீமியா என்னும் மற்றொரு பரம்பரைக் குருதிச் சோகையைக் கருதி, அதன் கடத்திகளுக்கு மலேரியாவிலிருந்து காப்பு கிடைக்கக்கூடும் என்று 1949-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் எழுதினார். பின்னாளில் இந்தியக் குடிமகனாகி, 1964-இல் ஒடிசாவின் புவனேசுவரத்திலேயே மறைந்தார். அரிவாள் செல் மரபணுவைப் பொறுத்து அக்கருத்தை ஆப்பிரிக்காவில் நிறுவிய அந்தோனி அல்லிசனின் ஆய்வு 1954-இல் வெளிவந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னர், 1952-இல், லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் இந்தியாவில் அரிவாள் செல்லை முதன்முதலாகக் கண்டறிந்தது கொங்கு நாட்டின் மேற்கெல்லையான நீலகிரியின் பழங்குடியினரிடையே ஆகும். மலேரியாவுக்கு எதிரான கொய்னாவைத் தரும் சிங்கோனா மரமும் 1860-களில் அதே நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும், பயிரிடப்பட்டது. ஒரே மலையில் மரப்பட்டையிலும் மனிதக் குருதியிலும் ஒரே காய்ச்சலுக்கு எதிரான இருவேறு காப்புகள் இருந்தன. மரப்பட்டையின் காப்பைப் பணம் கொடுத்து வாங்க முடிந்தது, குருதியின் காப்புக்கோ பிள்ளைகளின் உயிரே விலையாயிற்று.

அந்த விலையின் கணக்கில்தான் மெய்யியல் வினா பிறக்கிறது. கடத்திகள் இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கும், காப்புள்ள கடத்தியாவதற்கு நான்கில் இரு பங்கும் வாய்ப்புண்டு. காப்புப் பெற்ற இருவருக்கு ஈடாக ஒருவர் நோயைச் சுமப்பதே இக்கணக்கின் சராசரி. கடத்தியைக் கடும் மலேரியாவிலிருந்து காக்கும் அதே மரபணு, நோயுற்றவரைக் காப்பதில்லை. மாறாக, மலேரியா அவருக்கு வலித்தாக்கத்தையும் கடுஞ்சோகையையும் வருவித்து உயிரையே பறிக்கவல்லது. ஆகவே ஒரு குலமே காய்ச்சலைக் கடந்து தழைத்ததற்கான கடனை, அக்குலத்தில் சிலர் மட்டும் தம் எலும்பிலும் நரம்பிலும் கட்டிக்கொண்டிருக்கின்றனர்.

இதை அறிந்தபின், நோயாளியைப் பார்த்து அது அவர் செய்த வினை என்று சொல்லிக் கடந்துபோகும் வழக்கு நிற்க இடமில்லை. சைவ சித்தாந்தம் வினையை மூவகையாகப் பகுக்கிறது: சேர்ந்து கிடக்கும் பழவினையாகிய சஞ்சிதம், இப்பிறவியில் நுகர வந்த ஊழாகிய பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஈட்டப்படும் மேல்வினையாகிய ஆகாமியம். இறைவன் வினைப்பயனை ஊட்டுவதும் ஆன்மாவின் மலம் நீங்குவதற்கான அருளே என்று அந்நெறி கொள்வதால், இக்கோட்பாடு துன்புறுபவர் தம் துன்பத்தைப் பொறுப்பதற்குத் துணையாக அமைந்தது. அயலார் அவரை எடைபோடுவதற்கான தராசாக அன்று. மேலும், பிறர் துன்பத்தை அவருடைய பிராரத்தம் என்று சொல்லி ஒதுங்கும்போது, அந்த ஒதுக்கமே ஒதுங்கியவருடைய ஆகாமியமாகிறது என்பதை இப்பகுப்பு தானே உணர்த்துகிறது.

முன்காப்பு ஊழை மீறும் செயலா என்ற முதல் வினாவுக்கும் மரபு விடை வைத்திருக்கிறது. திருக்குறளின் ஊழ் அதிகாரம் ஊழைவிட வலியது எதுவுமில்லை என்னும் கருத்தோடு முடிய, ஆள்வினையுடைமை அதிகாரம் தளராது முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்னும் கருத்தோடு முடிகிறது. இவ்விரண்டையும் ஒரே நூலில் வைத்த வள்ளுவர், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்கவில்லை. கொள்ளைநோயால் நாடுகள் அழிவதைப் பேசும் சரக சங்கிதையின் விமான ஸ்தானப் பகுதியில், ஆயுள் முன்னரே அறுதியிடப்பட்டதா என்று மாணவர் கேட்க, முற்பிறவிச் செயலாகிய தெய்வமும் இப்பிறவி முயற்சியும் ஒன்றையொன்று எதிர்நிற்கும்போது வலியது வெல்லும் என்றும், எல்லாம் அறுதியிடப்பட்டதாயின் மருத்துவமே தேவையிராது என்றும் ஆசிரியர் விளக்குகிறார். இஸ்லாமிய மரபிலும், கொள்ளைநோய் பரவிய சிரியாவுக்குள் செல்லாமல் திரும்பிய கலீபா உமர், இறைவிதிக்கு அஞ்சி ஓடுகிறீரா என்று கேட்கப்பட்டபோது, இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்வதாக விடையளித்தார் என்று கூறப்படுகிறது. நோய் விதி என்றால் மருந்தும் விதியே என்பது இவற்றின் பொதுக்கருத்து.

ஆயினும் முயற்சி ஊழை வெல்லவேண்டுமெனில் முதலில் ஊழை அறியவேண்டும் என்பதைக் குருதியே கற்பிக்கிறது. சிவப்பணுவைச் சிதைவிலிருந்து காக்கும் ஜி-6-பி-டி என்னும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கிறது. இக்குறையும் மலேரியா பரவிய நாடுகளில்தான் மிகுதி. வைவாக்ஸ் வகை மலேரியா கல்லீரலில் ஒளிந்து மீண்டும் தலைகாட்டாதிருக்கக் கொடுக்கப்படும் பிரைமாக்குவின் மாத்திரையை இக்குறையுள்ளவர் உண்டால், சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்து, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும். இக்காரணத்தை 1956-இல் வெளிப்படுத்திய ஆய்வு, அமெரிக்காவின் ஸ்டேட்வில் சிறைக்கைதிகளுக்கு அம்மருந்தைக் கொடுத்துக் கண்டறிந்தது. இன்று எளிய குருதிச் சோதனையால் தெரியவரும் உண்மை, விருப்பத்தை மறுக்கும் உரிமை குறைந்திருந்த மனிதரின் உடைந்த குருதியால் எழுதப்பட்டது. அச்சோதனையைச் செய்யாமல் ஒருவருக்கு அம்மாத்திரையைக் கொடுப்பது அவர்களுடைய துன்பத்தையும் வீணாக்குவதாகும். நோய் முதல் நாடுவதை மருத்துவரின் கடனாக்கும் குறளின் நெறி, இங்கு உடல் முதல் நாடுவதாகவும் விரிகிறது.

நாட்டின் மலேரியா வழிகாட்டு நெறிகள், ஆறு வாரத்துக்குட்பட்ட பயணத்துக்குப் பெரியவர்கள் டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் மாத்திரையை, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர் தொடங்கி, அப்பகுதியை விட்டு வந்தபின் நான்கு வாரம் வரை நாள்தோறும் உண்ணவேண்டும் என்கின்றன. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அது ஆகாது. அரிவாள் செல் நோயுடையவருக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். ஆனால் பிறந்த ஊர்க் காய்ச்சல் தம்மை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை தவறானது, ஏனெனில் மலேரியா இல்லாத ஊரில் ஆண்டுகள் வாழ்ந்தவரின் உடல் பழைய எதிர்ப்பாற்றலை இழந்துவிடுகிறது. அம்மாத்திரையை வயிறு நிறைய உண்டபின், நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். முன்பதிவில்லாப் பெட்டியில், கழிவறைக்குச் செல்ல வழியில்லாததால் தண்ணீரே குடிக்காமல் ஒன்றரை நாள் பயணம் செய்பவருக்கு இந்த எளிய அறிவுரையும் எட்டாக்கனி. அவருடைய குருதி அரிவாளாக வளைவதற்கு அந்தத் தாகமே போதும்.

இங்கேதான் திருக்குறளின் மருந்து அதிகாரம் தன் இறுதியில் மருத்துவத்தை நான்காகப் பகுத்ததன் ஆழம் விளங்குகிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதைக் கொடுக்கும் உழைச்செல்வான். மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார், மாத்திரை பையில் இருக்கிறது, நோயாளியும் அறிந்திருக்கிறார்; நான்காமவர் இல்லையெனில் அது முழு மருத்துவம் ஆகாது. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம், 40 வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேரைச் சோதித்து 2047-க்குள் இந்நோயை ஒழிக்க நோக்கம் கொண்டுள்ளது. சோதனை அட்டை ஊழை அறிவிக்கும். அதை வாசித்து, விடுப்புக் கொடுக்கும்போதே எந்த மாவட்டத்துக்குப் போகிறார் என்று விசாரித்து, முன்பதிவுச் சீட்டுக்கும் மாத்திரைக்கும் வழிசெய்வது உழைச்செல்வானின் வேலை. ஊரில் தாயும் உடன்பிறந்தோரும் ஏற்கும் அப்பொறுப்பு, ஊர்விட்டு வந்தவருக்கு அவருடைய உழைப்பால் வாழும் மில்லுக்கும் ஊருக்கும் உரியதாகிறது.

காப்பு மருந்தின் பெரும்பகுதி பயணத்தில் அன்று, திரும்பி வந்தபின் மூலனூரில்தான் உண்ணப்படுகிறது. நுவாகாய் முடிந்து வந்தவர் 28 நாள், ஷிப்டு மாறி மாறி வரும் வாழ்க்கையில், காய்ச்சலே இல்லாதபோது ஒரு மாத்திரையை நினைவில் வைத்திருக்க வேண்டும். விடுதியில் இரவுச் சாப்பாடு முடிந்ததும், உடன் தங்கியிருப்பவரோ வார்டனோ ஒரு செம்புத் தண்ணீரை நீட்டி, இன்றைக்கு மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்பதற்கு அதிக நேரம் ஆகாது. பல தலைமுறைகளின் உயிருக்கு விலையாக ஒருவர் உடலில் வந்து தங்கிய ஊழை, அந்தக் கேள்வியைக் கேட்பவர் ஒரு நாளுக்கேனும் தாமும் சேர்ந்து சுமக்கிறார்.